கடலோரத்துக் கள ஆய்வு

நாற்பது வயதில் மறுபடியும் மாணவனாவது என்று கிருஷ்ணராஜ் தீர்மானித்தான். சாதாரணப் படிப்பில்லை. புகையிரதப் பொறியியலிலும் திட்ட முகாமைத்துவத்திலும் முதுமாணிப் பட்டம். இரண்டு வருடம். வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சூமில். நாட்டின் ரயில்களைத் தூக்கி நிறுத்தப் போவதாக ஓப்பநாயக்க கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஓப்பநாயக்கவில் ரயில் கிடையாது. முன்பு இருந்தது. எழுபதுகளில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் அவன் சொன்னதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

உண்மைக் காரணம் மாமனார்.

மாமனார் பழனிமுத்து எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தோட்ட வீட்டுத் திட்டத்தில் சாமான் கொடுப்பார்கள், கைவேலை வீட்டுக்காரர் போட வேண்டும். மருமகனுடைய கையும் வீட்டுக்காரர் கைதான் என்பது பழனிமுத்துவின் கட்சி. கிருஷ்ணராஜ் இரத்தினபுரியில் ஒரு கட்டட நிறுவனத்தில் பொறியியலாளர். வாரம் முழுக்க அடுத்தவனைக் கல் தூக்கச் சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை தானே தூக்குவான். பதினான்கு ஞாயிறு தூக்கினான். "மாப்ள என்ஜினியரா இருந்தாலும் உருப்படியா வேல செய்றாரு" என்று மாமனார் லயத்து வீடு வீடாகப் பாராட்டினார். அந்தப் பாராட்டு காதில் விழுந்த அன்றே பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிவிட்டான்.

மனைவி துஷ்யந்தி தோட்டப் பாடசாலை ஆசிரியை. படிப்பு என்றால் தடுக்க மாட்டாள்.

"ஞாயித்துக்கெழமையா கிளாஸ்?"

"ஆமா துஷி. நானா நேரம் வச்சேன்? அவங்க வச்சது."

"அப்ப அப்பா வீடு?"

"நாட்டுக்காக ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லேன்."

"சரிங்க. படிங்க."

அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

முதல் வருடம் சொர்க்கமாகப் போனது. முன்னறையில் மடிக்கணினி. கேமரா அணைத்திருக்கும். விரிவுரையாளர் ஜெஸீமா மேடம் தண்டவாளத்தின் வளைவுகளைப் பற்றி உருகி உருகிப் பேசுவார். இவன் பிளேன் டீயும் முறுக்குமாகத் தொடங்கி, பத்தரைக்குக் குறட்டையில் முடிப்பான். பக்கத்துக் குசினியில் துஷ்யந்தி தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். எஹலியகொடையில் மாமனார் வீட்டுச் சுவர் ஜன்னல் உயரத்தோடு நின்றுவிட்டது. எப்படியோ பரீட்சைகளும் பாஸ்.

இரண்டாம் வருடம் வகுப்பு கிடையாது. ஆய்வேடு மட்டும். ஏதாவதொரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்து, வார இறுதிகளில் ஆறு மாதம் களத்தில் நின்று ஆராய வேண்டும். கிருஷ்ணராஜ் யோசிக்கவே இல்லை. கடலோரப் பாதை! உப்புக் காற்றில் தண்டவாளம் எப்படித் துருப்பிடிக்கிறது என்பதுதான் தலைப்பு. கூடப் படிக்கும் பவாஸின் வீடு வெலிகமையில், கடலுக்கு நூறு அடியில். சனிக்கிழமை காலை ரயிலில் ஜன்னலோரம். மத்தியானம் பவாஸின் உம்மா ஆக்கும் மீன் கறி. பின்னேரம் கடல் குளிப்பு. இடையில் நேரம் கிடைத்தால் துரு. மலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் மேல் உள்ள ஆசை சும்மா ஆசையில்லை. நினைத்த போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த நிறைவில் ஆய்வேட்டுக்கான விண்ணப்பத்தை அனுப்ப மறந்துவிட்டான். மூன்று ஞாயிறு கிரிக்கெட் பார்த்ததில் கடைசித் திகதி போய்விட்டது. தக்க காரணம் இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்று ஜெஸீமா மேடத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு வருடம் சும்மா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போக வேண்டி வரும் என்று அவனுக்குத் தெரியும். உடனே பதில் எழுதினான்: வயதான மாமனார் எஹலியகொடையில் வீடு கட்டுகிறார், மூன்று ஞாயிறும் அங்கேதான் கல் தூக்கினேன், சந்தேகமிருந்தால் என் மனைவியையே கேட்கலாம்.

கேட்கிறேன் என்று மேடம் எழுதிவிட்டார். மறுநாள் பின்னேரம், சூமில்.

"துஷி, ஒரு சின்ன உதவி. மேடம் கேட்டா, மூணு வாரமும் நான் அப்பா வீட்டுலதான்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்ல, திட்ட முகாமைத்துவம். ஆமான்னு ஒரு வார்த்த போதும்."

"சரிங்க," என்றாள் துஷ்யந்தி. மறுநாள் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மேடம் திரையில் வந்தார். "மிஸிஸ் கிருஷ்ணராஜ், இவர் மூணு கிழமையும் எஹலியகொடயில தானா நின்டவர்?"

"ஆமாங்க மேடம்."

கிருஷ்ணராஜ் மூச்சு விட்டான். துஷ்யந்தி மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"எங்க அப்பா வீடு, பழைய ரயில் பாதைக்கு மேல்பக்கம் இருக்கு மேடம்."

மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். "எந்தப் பாதை?"

"அந்தக் காலத்துச் சின்னப் பாதை. தண்டவாளம் பிடுங்க ஆள் எடுத்தப்ப எங்க அப்பாவும் போனாங்க. எங்க பாலம் இருந்துச்சு, எந்த வெட்டுல மண் சரியும், எல்லாம் மனப்பாடமாச் சொல்லுவாங்க."

"அல்லாஹ்வே! கிருஷ்ணராஜ், இதை ஏன் நீங்க வாயைத் தொறந்து சொல்லல்ல? கடலோரத்துக்கு இந்த வருஷம் ஏற்கனவே அஞ்சு பேர். இந்தப் பழைய பாதைக்குத்தான் நான் ஆள் தேடித் திரியிறன்!"

"மேடம்... அங்க அட்டை கடிக்கும் மேடம்."

"பூட்ஸ் போடுங்க. உங்கட பிந்தின விண்ணப்பத்தை ஏத்துக்கொள்றன். தலைப்பு மட்டும் மாத்துங்க."

திரை அணைந்தது. வெலிகம, ஜன்னலோரம், மீன் கறி எல்லாம் அதோடு சேர்ந்து அணைந்தன. கிருஷ்ணராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆமான்னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன்!"

"ஆமான்னுதானே ஆரம்பிச்சேன்?"

"ரயில் பாதைய யாரு கேட்டா?"

"மேடம்தான். பழைய பாதைய ஆராய ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்கன்னு போன வருஷம் முழுக்க கிளாஸ்ல சொல்லிச் சொல்லி அவங்க தொண்டையே போயிருச்சு. குசினியில இருந்த எனக்குக் கேட்டுச்சு. உங்க கொறட்டையில உங்களுக்குக் கேக்கல போல."

ஆனாலும் கிருஷ்ணராஜ் லேசில் விழுகிற ஆளில்லை. அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஆய்வு ஆய்வுதான், வீடு வீடுதான். பாதையை அளக்கப் போகிறவன் கல்லைத் தொட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காலையில் அளப்பது, பத்தரை பஸ்ஸில் திரும்புவது. எட்டே வாரத்தில் மொத்த வேலையையும் சுருட்டிவிட்டு, மிச்ச மாதங்களுக்கு பவாஸ் வீடு. இதுதான் உண்மையான திட்ட முகாமைத்துவம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

முதல் ஞாயிறு புது பூட்ஸ், அளவு நாடா, குறிப்பேடு சகிதம் போய் இறங்கினான். துஷ்யந்தியும் கூட வந்திருந்தாள். மாமனாரைக் குறை சொல்ல முடியாது. எழுபத்திரண்டு வயதில் முன்னால் நடந்து, புல்லை விலக்கி, பாதை போன போக்கையும் பாலம் நின்ற இடத்தையும் காட்டினார். பத்து மணிக்கு அன்றைய அளவுகள் முடிந்தன. அட்டைகூட இரண்டுதான் கடித்தது.

"அப்ப நான் கெளம்புறேன் மாமா. பஸ்ஸு வந்துரும்."

"கையெழுத்து வேணாமா மாப்ள?"

"என்ன கையெழுத்து?"

மாமனார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். பல்கலைக்கழக முத்திரை இருந்தது. கள மேற்பார்வையாளர் நியமனம்: திரு. பழனிமுத்து. ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்தபின் அவர் குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும். ஒரு கையொப்பம் குறைந்தாலும் பட்டம் கிடையாது.

"மேடம் போன்ல பேசுனாங்க. தங்கமான புள்ள," என்றார்.

கிருஷ்ணராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் அவசரமாகக் குறிப்பேட்டை நீட்டினான்.

"அப்ப போட்டுருங்க மாமா."

"வேல முடிஞ்சப்புறம்னு போட்டிருக்கே. இன்னும் மூணு வரிசக் கல்லு இருக்கு மாப்ள."

"அது உங்க வீட்டு வேல மாமா!"

"நீங்களே மேடத்துக்கு எழுதியிருக்கீங்களே, ஞாயித்துக்கெழம இங்கதான் கல்லு தூக்குறேன்னு. அவங்க வாசிச்சுக் காட்டுனாங்க."

அவன் சட்டைக் கையை மடித்தான். ஒரு கல்லைத் தூக்கித் தோளில் வைத்தான். ஆறு மாதம், இருபத்தாறு ஞாயிறு. அதற்கும் ஒரு முடிவு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மாமனாரிடம் வாய்விட்டே கேட்டான்.

"எப்படியும் ஆறு மாசத்துல முடிஞ்சிரும், இல்லீங்களா மாமா?"

"ஃபோர்ம்ல முடிவுத் திகதின்னு ஒரு கட்டம் வெறுமையா இருந்துச்சு மாப்ள. நம்ம துஷ்யந்திதான் வீட்டுக்குப் பால் காய்ச்சுற நாள்னு எழுதிக் குடுத்துச்சு. மேடம் சரின்னுட்டாங்க."