மாக்கிறட் மனிசியின் கமரா

ஓலைத்தொடுவாய், மன்னார்.
ஆவணி 2007

பாசத்துக்குரிய இன்னாசிமுத்து மாமாவுக்கு, மருமகன் வலன்ரைன் பணிவுடன் எழுதுவது. மடு மாதா புண்ணியத்தில் அம்மாவும் நானும் இன்றுவரை உயிரோடு இருக்கிறோம். லண்டனில் நீங்களும் மாமியும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறோம்.

நீங்கள் இன்ரநெற்றில் வாங்கி, ஆளிடம் கொடுத்துவிட்ட கமராவைக் கொழும்பில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மதவாச்சிச் சோதனையில இறக்கினாங்கள். ஆமிக்காரன் பெட்டிக்குள்ள கிடந்த பில்லைப் பாத்தான், என்ர அடையாள அட்டையைப் பாத்தான், திரும்பவும் பில்லைப் பாத்தான். "யாரு இது, மாக்கிறட் ஹியூஸ்?" எண்டான். எனக்கென்ன தெரியும், எங்கட ஊரிலயும் மாக்கிறட் இருக்கினம்தானே எண்டு "என்ர மாமி" எண்டிட்டன். "மாமி காசு கட்டுறது, இன்னாசிமுத்து பேருக்கு சாமான் போறது, நீ கொண்டு வாறது. மூணு ஆள், ஒரு கமரா" எண்டு சிரிச்சுப்போட்டு அங்க கிடந்த மர வாங்கில இருத்தினான். பஸ் என்னை விட்டிட்டுப் போயிட்டுது. எங்கட சுவாமியார் போன் எடுத்து எனக்காகக் கதைச்ச பிறகுதான் விட்டவங்கள்.

உங்களுக்குப் போன் அடிச்சுச் சொன்னால், "டேய், பாதி விலைக்கு வந்த சாமான், பில்லை ஆர் பாக்கிறது" எண்டு சிரிச்சனீங்கள். போன கிழமை நீங்களே போன் எடுத்து, நாக்குத் தடுமாற, வீட்டுக்குப் பொலிஸ் வந்ததெண்டுறியள். அந்த வித்தவன் உங்கட காசைத் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டிட்டு, மாக்கிறட் எண்ட மனிசியின்ர களவுபோன கிறெடிற் காட்டால கடையில கமராவை வாங்கி உங்கட விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறான். அந்த மனிசி பாவம், தான் கண்ணாலயும் காணாத கமராவுக்காக வங்கியோட மல்லுக்கட்டுது. நான் அந்தக் கமராவைத் தோளில கொழுவிக்கொண்டு, கிறகரி அண்ணையின்ர மகளின்ர கலியாணத்துக்குப் படம் பிடிக்கிறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கிறன். கமரா திரும்பிப் போகுது எண்டு கேட்டதும், "பள்ளிக்கூடத்தை விட்டவன், இதையாவது ஒழுங்காச் செய்வான் எண்டு பாத்தன்" எண்டு கிறகரி அண்ணை சந்தியில வைச்சே சொல்லிப்போட்டு மஹ்மூது நாநாவின்ர ஸ்ரூடியோவுக்குப் போயிட்டார். எனக்குக் கிடைச்ச முதல் வேலை மாமா.

அம்மா ஒரு பாரை மீன் வாங்கினாலும் செவுளைக் கிளப்பிப் பாத்து, ஆரின்ர வள்ளம் எண்டு கேட்டுத்தான் காசை எடுப்பா. நீங்கள் மூஞ்சை தெரியாத, விலாசம் இல்லாத ஒருத்தன் "கடைசி ஒண்டுதான், இண்டைக்கே கட்டு" எண்டவுடன கட்டிப்போட்டியள். ஒரு ஆமிக்காரன் பாத்த பேரை லண்டனில இருக்கிற நீங்கள் பாக்கேல்ல. இனியாவது கடையை அறியாமல் வாங்காதேங்கோ. வேற பேரில பில் வந்தால் சாமானைத் தொடாமல் கடைக்குச் சொல்லுங்கோ. உங்கட காட் நம்பரை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. கமராவை நேற்றே திருப்பி அனுப்பிப்போட்டன்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் கிடைக்க அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள மருமகன்,
வலன்ரைன்

பி.கு.: கிறகரி அண்ணை மனமிரங்கி, கமரா இருந்தால் நீயே வா எண்டிட்டார். சனூன் நாநாவின்ர இன்ரநெற் கடையில தேடினன், அதே கமரா பாதி விலைக்குக் கிடக்கு. கடைசி ஒண்டுதானாம், இண்டைக்கே கட்டவேணுமாம். போன வருசம் நீங்கள் அவசரத்துக்குத் தந்த உங்கட காட் நம்பரைக் குடுத்திட்டன். யோசியாதேங்கோ மாமா, இந்தமுறை பில் உங்கட பேரிலதான் வரும்.