இடது பக்கத்துக் கியர்

சிவபிரகாஷ் இடது கையை நீட்டித் துழாவினார். கியர் ராடு அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து நீட்டினார். தோள்பட்டையில் சுளுக்குப் பிடித்ததுதான் மிச்சம்.

"நாச்சிமுத்து, கியர் எங்கப்பா?"

"அங்கதானுங்ணா இருக்குது. தள்ளிப் பாருங்க."

பார்த்தார். இருக்கத்தான் இருந்தது. தலையில் கறுப்புக் குமிழோடு, புதுப் பெயின்ட் மினுமினுக்க, ஜோராகத்தான் இருந்தது. ஆனால் அது முன் சீட்டின் இடது கோடியில், பக்கத்தில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு நேராக முளைத்திருந்தது.

"ஏப்பா, வண்டி ஓட்டப்போறது நானு. கியரைக் கொண்டுபோய் அங்க நட்டு வெச்சிருக்கிற?"

சங்ககிரி மெக்கானிக் நாச்சிமுத்து அவர் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்க அம்பாசிடர்ல மாத்தி வெச்சது பழைய வேனோட டீசல் எஞ்சினுங்ணா. கியர் பாக்ஸும் அதோடதுதான். உங்க பெட்ரோல் எஞ்சினாட்டச் சின்ன உடம்பு இல்லீங்க. நடுவுல எடம் பத்துல. ஓட்ட ஓட்டப் பழகிருமுங்க."

"எனக்கு என்ன ஆறடிக் கையா இருக்குது பழகறதுக்கு?"

நாச்சிமுத்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

சிவபிரகாஷுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. குமாரபாளையத்தில் அவருக்குத் தறிப்பட்டறை. வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் கிடக்கிறவருக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டாட்டம். அன்றைக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் கூடி, வரிசையாக எங்கேயாவது கிளம்பிப் போவார்கள். இவரும் தன் அம்பாசிடரைத் துடைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். தனியாக என்பதுதான் இங்கே முக்கியம்.

"நானும் வாரேனுங்க" என்று மனைவி அறிவுச்செல்வி கேட்கும்போதெல்லாம், "அங்க பொம்பளைங்க ஒருத்தரும் வரமாட்டாங்க புள்ள" என்பார். அஸ்தம்பட்டியிலோ எல்லாரும் குடும்பத்தோடுதான் வருவார்கள். "வீட்டுல கூட்டிட்டு வரலியா?" என்று அவர்கள் கேட்டால், "அவளுக்குக் கார்ல ஏறினாலே வாந்தி" என்பார். வீட்டுக்கு ஒரு பொய், சேலத்துக்கு ஒரு பொய். நடுவில் நீளமாக நெடுஞ்சாலை கிடந்ததால் இரண்டும் இத்தனை வருஷமாகச் சந்தித்துக்கொள்ளவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. 'டீசல் எஞ்சினோட வாரேன், மலையில எல்லாருக்கும் முன்னால நாந்தான்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் வாய்க்கொழுப்பாக வேறு போட்டுவிட்டார். போகாமல் இருந்தால் மானம் போகும். இடது பக்கம் ஆளை உட்கார வைத்தால்தான் வண்டி போகும்.

நாச்சிமுத்துவையே இடது பக்கம் உட்கார வைத்து, "செகண்டு போடு, தேர்டு போடு" என்று கத்திக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். வாசலில் வண்டி நின்றதுமே நாச்சிமுத்து இறங்கி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

அறிவுச்செல்வி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதென்னங்க கருமம், உக்கார்ற எடத்துல?"

"கியரு."

"என் முட்டியில இடிக்காதா? கொண்டாங்க அந்த போனை!" போனை வாங்கி நாச்சிமுத்துவைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஏப்பா, கண்ணு தெரிஞ்சுதான் வேலை செய்யறயா? மனுசன் உக்கார வேண்டாமா? உன்னையெல்லாம் மெக்கானிக்குன்னு எவன் சொன்னான்?"

அவள் போட்ட போட்டில் சிவபிரகாஷுக்கே நாச்சிமுத்து மேல் இரக்கம் வந்துவிட்டது. "உடு புள்ள, பாவம். நான் பாத்துக்கறேன்" என்று போனைப் பிடுங்கினார்.

பார்த்துக்கொண்டார். பட்டறை ஃபிட்டரைக் கூப்பிட்டு ஓர் இரும்புக் குழாயை வளைத்து, கியர் ராட்டின் தலையில் செருகி, தன் பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. தெருவில் இறங்கியதும் குணத்தைக் காட்டியது. ஃபர்ஸ்டு போட்டால் குழாய் டேஷ்போர்டில் முட்டியது. செகண்டு போட்டால் அவர் விலாவில் குத்தியது. தேர்டு போட்டால் ஸ்டீயரிங் பாதிக்குமேல் திரும்ப மறுத்தது. பவானிப் பாலத்தின் நட்டநடுவில் குழாய் கையோடு கழன்று வந்துவிட்டது.

பின்னால் ஒரே ஹாரன். குழாயும் கையுமாக வண்டியை விட்டு இறங்கினார். எதிரே ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"யோவ், எவனை அடிக்கறதுக்கு இரும்புக் குழாயத் தூக்கிட்டு நிக்கற?"

"இது கியருங்க, சார்."

போலீஸ்காரர் அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

செகண்டிலேயே உருட்டிக்கொண்டு வீடு திரும்பியவர், அடுத்த தெருக் காளியப்பனைப் போய்ப் பார்த்தார். காளியப்பன் ஆயுசு முழுக்க லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். வடநாட்டு ரோடெல்லாம் அத்துப்படி.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை என்ற பக்கத்துல உக்காந்து கியரு மட்டும் போட்டுக் குடுக்கோணும்."

"கியருதான? கண்ணை மூடிட்டுப் போடுவேன் தம்பி."

அதைத்தான் செய்தார். சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். நெடுஞ்சாலை ஏறும் வரைக்கும் கியரெல்லாம் வெண்ணெயாக விழுந்தது. சிவபிரகாஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் லாரியில் ரெண்டு டிரைவர் போனால், இடது பக்கம் உட்காருகிறவர் தூங்க வேண்டும், அது முறை. அத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? டாப் கியர் விழுந்ததுமே காளியப்பன், குமிழைப் பிடித்த கையோடு குறட்டை விட்டார்.

முன்னால் வேகத்தடை.

"அண்ணா, கியரு! அண்ணா!"

காளியப்பன் பிடித்த பிடியை விடவில்லை. வண்டி டாப் கியரிலேயே வேகத்தடை மேல் ஏறி, உடம்பெல்லாம் உதறி, இருமி, நின்றது. பின்னால் வந்த முட்டை லாரி கிறீச்சென்று பிரேக் அடித்தது. அதன் டிரைவர் சொன்னதை இங்கே அச்சடிக்க முடியாது.

காளியப்பன் கண்ணைத் திறந்தார். "ஏந் தம்பி, நாக்பூர் வந்துருச்சா?"

ஆக, வேறு வழி இல்லை. அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏப்புள்ள, நாளைக்கு ஏற்காடு போலாமா?"

"பொம்பளைங்க ஒருத்தரும் வராத எடத்துக்கு நான் எதுக்குங்க?"

"சும்மா வா புள்ள."

"அந்தக் கியரு முட்டியில இடிக்குமுங்க."

"தலாணி வெச்சுக் குடுக்கறேன்."

"துணி தொவைக்கோணும்."

"வந்து நான் தொவைச்சுத் தாரேன்!"

அறிவுச்செல்வி பெருமூச்சு விட்டாள். "என்னமோ போங்க, உங்களுக்காக வாரேன்."

சாயங்காலம் காலி மைதானத்தில் கியர் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டாள். தான் சொல்லிக் கொடுத்த அழகு என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்தம்பட்டி. வண்டியை எல்லாருக்கும் கடைசியாக, ஒரு மரத்தடியில் ஒளித்தாற்போல் நிறுத்தினார்.

"கீழ எறங்காத புள்ள. வெயிலு மண்டையப் பொளக்குது."

"இன்னும் பொழுதே சரியாக் கெளம்பலீங்களே?"

அதற்குள் நண்பர் சந்திரசேகரின் மனைவி உண்ணாமலை ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே பட்டுப் புடவைகளின் பட்டாளம். உண்ணாமலை கையில் ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன.

"வாங்கக்கா, வாங்க! இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் உங்களப் பாக்கறோம். வாந்தி நின்னுருச்சா? எதுக்கும் இந்தப் பையை வெச்சுக்குங்க. பாவம், தெருமுனை தாண்டறதுக்குள்ள நாலு தடவை எடுப்பீங்கன்னு அண்ணன் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு."

அறிவுச்செல்வி பட்டுப் புடவைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்பீடோமீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"இப்பத் தேவலைங்க" என்று சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மலையடிவாரம் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கியர் மட்டும் அவர் கேட்டபடி விழுந்தது. அவருக்கு அதுவே பயமாக இருந்தது. கத்தினால்கூடச் சமாளித்துவிடலாம்.

டீசல் எஞ்சின் யானைப் பலத்தோடு ஏறியது. சொன்னபடியே எல்லாருக்கும் முன்னால் இவர் வண்டிதான். பாதி மலையில், செங்குத்தான ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் திணறியது. பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"ஃபர்ஸ்டு போடு புள்ள!"

அறிவுச்செல்வி கியரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எத்தனை வருசமாங்க வாந்தி?"

"அறிவு, வெளையாடாத. பின்னால வண்டி நிக்குது."

"நிக்கட்டுமுங்க."

ஹாரன்கள் கூடின. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. கையை நீட்டிப் பார்த்தார். எட்டவே எட்டாது.

"தப்புத்தான் புள்ள. இனிமே நீ இல்லாம இந்த வண்டி வாசலைத் தாண்டாது. சத்தியமா!"

"எனக்கு மட்டும் கேட்டாப் பத்தாதுங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

சிவபிரகாஷ் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். மலையே அதிரக் கத்தினார்.

"என் பொண்டாட்டிக்கு வாந்தியே இல்ல! நாந்தான் பொய் சொன்னேன்!"

பின்னால் ஹாரன்கள் நின்றன. யாரோ விசிலடித்தார்கள். பெண்கள் கைதட்டும் சத்தம் வளைவு வளைவாகக் கீழே இறங்கிப் போனது. ஃபர்ஸ்டு கியர் பதமாக விழுந்தது.

அதன் பிறகு கியருக்காக அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கிளட்சை மிதிக்கும்போதே அவள் கியரைப் போட்டாள். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள்; அவரும் பேசினார். ஏற்காடு வருவதற்குள் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருஷம் இவளை விட்டுவிட்டு வந்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனாலும் ஆண்புத்தி லேசில் திருந்துமா? மறுநாளே பஸ் பிடித்துச் சங்ககிரிக்குப் போய் நாச்சிமுத்துவின் காதோரம் குனிந்தார்.

"ஏப்பா, என்ன செலவானாலும் பரவால்ல. அவளுக்குத் தெரியாம அந்தக் கியரு ராடை என்ற பக்கம் தள்ளி வெச்சுக் குடு."

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"மொதல்ல உங்க பக்கந்தானுங்ணா வெச்சிருந்தேன். அக்காதான் வந்து இடது சீட்டுல உக்காந்து பாத்து, 'எனக்கு எட்டோணும், அவருக்கு எட்டக்கூடாது'ன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க."