லைன் கிடைக்குதா, மாமா?

"மறுபடியும் பிஸியாம் சார்!" ரிசப்ஷன் பெண் போனைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

கணக்குப்புலி அசையவில்லை. அந்த இன்டர்நெட் கம்பெனியில் எத்தனை பேருக்கு எத்தனை மோடம் என்று திட்டம் போடுகிறவர் அவர். ஒரு மோடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும்; ஆனாலும் வீட்டுப் போனிலிருந்து டயல் செய்கிற பத்துப் பேருக்கு ஒரு மோடம் போதும், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதன்மேல் அவருக்கு மலை போல நம்பிக்கை.

"கூட பத்து மோடம் மாட்டினா வாயை மூடிடுவாங்க."

மாட்டினார். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? காசு ஏறாத ஒரு சோதனைக் கணக்கை மாமனாரிடம் கொடுத்தார்.

"தினமும் சாயங்காலம் லைன் கிடைக்குதான்னு பாருங்க மாமா. என் பிழைப்பே இதுலதான் இருக்கு."

"நம்ம ஆளுங்களையும் பார்க்கச் சொல்லவா மாப்பிள்ளை?"

"தாராளமா!"

மாமனார் வீட்டு ஆட்கள் கல்யாணப் போட்டோவுக்குள்ளேயே அடங்காத கூட்டம்.

மறுநாள் காலையில் மாமனார், "எடுத்த எடுப்புலயே கிடைச்சுது மாப்பிள்ளை, வெண்ணெய் மாதிரி!" என்றார். மைத்துனன், சகலை, சின்ன மாமியார் எல்லாருக்கும் வெண்ணெய்தான். வாடிக்கையாளருக்கு மட்டும் பிஸி.

இன்னும் இருபது மோடம் மாட்டினார். மாமனாரும் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தங்களைத் தேடிப் பிடித்தார். பிஸி கூடியது.

அடுத்து, எல்லா மோடத்தையும் கண்காணிக்க பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியது. சொந்தக்காரர்களின் சோதனையால் எண்ணிக்கை கெட்டுவிடக் கூடாதே என்று, காசு கட்டுகிறவர்களை மட்டும் எண்ணும்படி அதை அமைத்தார்.

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தான். "சார், மோடத்துல லைட்டு பூரா எரியுது. மெஷின் பாதி காலின்னு காட்டுது."

"மெஷின் பொய் சொல்லுமா? லைட்டுதான் கெட்டிருக்கும். பல்பை மாத்துப்பா!"

மாற்றினான். புது பல்புகள் இன்னும் பளிச்சென்று எரிந்தன.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பந்தி வீட்டுல உட்கார்ந்து நானே டயல் பண்ணுவேன். அவர் முன்னாடி பிஸின்னு வந்துதுன்னா, நீ திங்கக்கிழமை குளிச்சிட்டுக் கிளம்ப வேண்டாம்."

"ஒரே டயல்ல கிடைக்கும் சார்," என்றார் கணக்குப்புலி நெஞ்சை நிமிர்த்தி. ஆனாலும் போகிற வழியில் மாமனார் வீட்டில் நின்றார்.

"மாமா, வெள்ளிக்கிழமை மட்டும் லைன் தப்பினா என் வேலை போயிடும்."

"தப்பவே தப்பாது. அது எங்க பொறுப்பு. போய்த் தூங்குங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் போன் அலறியது.

"பிஸிய்யா! ஏழு தடவை போட்டுட்டேன். சம்பந்தி சிரிக்கிறார்!"

"ரெண்டே நிமிஷம் சார்!"

மாமனாருக்குப் போன் போட்டார். பிஸி. மைத்துனனுக்குப் போட்டார். பிஸி. சகலை, சின்ன மாமியார், தன் சொந்த வீடு எல்லாமே பிஸி. இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்குக் கணக்கு உதைத்தது. பக்கத்துத் தெருவிலிருந்த மாமனார் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடினார்.

வெறும் திரையோடு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் அண்ட விடாமல், அதன் எதிரே காவலுக்கு உட்கார்ந்திருந்த மாமனார் பெருமையாக எழுந்தார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை! உங்க லைன்ல ஒண்ணைக்கூட வேற எவனும் பிடிச்சிடாதபடி, நம்ம குடும்பமே மத்தியானத்துலேருந்து பிடிச்சு வெச்சிருக்கோம்!"