மொட்டை மாடிப் பூனை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, இயக்குநர் ஷோபா மேடம். அவருக்கு வலப்பக்கம், லேப்டாப்புக்குப் பின்னால், வாசிப்புநிலை ஆலோசகர் ராஜேஷ்குமார். இடப்பக்கம், சார்ஜர் குத்தும் இடத்தை விட்டு நகராத தயாரிப்பு மேலாளர் கிளிஃபர்ட். கதவோரம், காற்று வராத ஆனால் வெளியே அனுப்புவதற்கு வசதியான நாற்காலியில், தமிழ்ப் பிரிவு தமயந்தி. கட்டடம் கட்டியவர் எதற்கென்று சொல்லாமல் அறை நடுவே விட்டுப்போன தூணுக்குப் பின்னால், திரை தெரியாத இடத்தில், கன்னடப் பிரிவு புட்டசாமி.

புட்டசாமியின் விஷயம் அன்றைய பட்டியலில் இரண்டாவது. தமிழ் முடிகிறவரை தனக்கு அங்கே வேலையில்லை என்பதால், இரண்டு காதிலும் இயர்போன் செருகி கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் சில தாள்கள். அவ்வப்போது ஒரு வரியை அடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இந்தியா தோற்கிறது போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

திரையில் ஒரு பூனை ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் மேடம்.

"ஆம்லெட் மேடம்" என்றார் கிளிஃபர்ட்.

"அது தெரியுது. இந்தக் கதையில ஆம்லெட் எங்க வருது?"

எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். கதை அவள் எழுதியது. முதல்நிலை வாசகர்களுக்கான, அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகளுக்கான, ஐந்து பக்கப் படப்புத்தகம். பக்கத்துக்கு இரண்டு சொல். மொட்டை மாடி. மேலே நிலா. தாவும் பூனை. எட்டாத நிலா. தூங்கும் பூனை. இந்தப் பத்துச் சொல்லுக்காகத் தமயந்தி ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்திருந்தாள். அதில் ஆம்லெட் எங்கும் வரவில்லை.

ஆனால் ஓவியர் ராகேஷ் அனுப்பியிருந்த ஐந்து படங்களிலும் அதுதான் இருந்தது. முதல் படத்தில் ஏப்ரன் கட்டிய பூனை அடுப்பு முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் கையில் முட்டை. மூன்றாவதில் முட்டை உடைகிறது. நான்காவதில் வாணலியில் வட்டமாக மஞ்சள். ஐந்தாவதில் காலித் தட்டு, நாக்கைச் சுழற்றும் பூனை.

பூனை மட்டும் சரியான பூனைதான். இவர்களுடைய அறக்கட்டளை வெளியிடும் முதல்நிலைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும், எந்த மொழியானாலும், அதே பூனைதான் வரும். பூனைக்கு மொழி கிடையாது என்பது மேடத்தின் கொள்கை. புத்தகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அவற்றுக்கு எண் மட்டும் வைத்திருந்தார். இது தமிழ் ஏழு.

படங்கள் வந்த அன்றே தமயந்தி அவசரம் என்று தலைப்பிட்டு மெயில் போட்டிருந்தாள். மேடம் உடனே பதில் அனுப்பி, அவசரக் கூட்டத்தைப் பத்து நாள் தள்ளி வைத்திருந்தார். இன்று மாலைக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அச்சகத்தில் காலண்டர் வேலை ஆரம்பித்துவிடும். பொங்கல் வரைக்கும் பூனைக்கு இடமில்லை. இந்த வருஷக் கணக்கில் ஒரு தமிழ்ப் புத்தகமும் வராவிட்டால் தமிழ்ப் பிரிவையே மூடிவிடலாம் என்று மேடம் ஏற்கெனவே அன்பாகச் சொல்லியிருந்தார். தமிழ்ப் பிரிவு என்பது தமயந்தியும் ஓர் இரும்பு அலமாரியும். அலமாரியைக் கன்னடப் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

"கிளிஃபர்ட், படம் வந்தப்ப நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. வருகிற படங்களை, இங்கிலீஷில் இருக்கிற ஃபைல் பெயரைப் பார்த்து அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவதுதான் தன் வேலை, திறந்து பார்ப்பது எடிட்டர் வேலை, அடுத்தவர் வேலையில் தலையிடும் பழக்கம் சிவாஜிநகரில் தங்கள் குடும்பத்திலேயே இல்லை என்று அவர் விளக்கினார்.

மேடம் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், கன்னடம் பேசுவார், இரண்டையும் படிக்கமாட்டார்.

"தமயந்தி, ‘மொட்டை மாடி’ன்னா கன்னடத்துல என்ன தெரியுமா? மொட்டென்னா முட்டை. மாடின்னா செய்யுங்க. நீங்க மாடின்னு சொன்னீங்க, அவன் முட்டை பண்ணிட்டான்."

அறை முழுக்க ஒரு தெளிவு பரவியது. ராஜேஷ்குமார் அதை லேப்டாப்பில் குறித்துக்கொண்டார். ராகேஷ் ஆபீசுக்கு வந்தால் காவலாளியிடம் கன்னடத்தில்தான் பேசுவான் என்று கிளிஃபர்ட் நினைவுபடுத்தினார். ஆயிற்று என்பதற்குப் போனில் அவன் "ஆயிது மேடம்" என்று சொன்னது தமயந்திக்கும் ஞாபகம் வந்தது. தமிழில் எழுதி அனுப்பிய கதையை அவன் படித்திருந்தால்தானே என்று முணுமுணுத்தாள்.

அவனையே கேட்கலாம் என்றால், அவன் சாமராஜநகர் பக்கம் மலையில் ஏதோ பள்ளிக்கூடச் சுவருக்கு யானை வரைந்துகொண்டிருந்தான். அங்கே யானைக்கு டவர் தேவைப்படவில்லை. போன் போகவில்லை.

கீழே லேத் பட்டறையில் இரும்பு அறுக்க ஆரம்பித்தார்கள். அது நின்றால்தான் அடுத்தவர் பேசமுடியும். அந்த இடைவெளியில் தமயந்தி ஒரு யோசனை கண்டுபிடித்தாள். கதை அப்படியே இருக்கட்டும். வாணலியில் இருப்பது நிலா என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குக் கற்பனை உண்டு.

"இருக்கக் கூடாது" என்றார் ராஜேஷ்குமார். "லெவல் ஒன்ல கற்பனை அலவ்டு இல்ல. படத்துல என்ன இருக்கோ அதான் சொல்லுல இருக்கணும். நிலாவை வாணலியில போட்டா, நாளைக்கு ஒரு பையன் நிலா பாத்து எண்ணெய் கேப்பான்."

அவர் ஐந்து வருஷம் ஒரு ஐ.டி. கம்பெனியில் மென்பொருளைச் சோதித்தவர். இப்போது அதே முறையில் கதைகளைச் சோதிக்கிறார்.

சரி, படம்தான் ராஜா என்றால் கதையை மாற்றுவது என்று முடிவாயிற்று. தமயந்தி நிலாவை அடித்தாள். கையே வரவில்லை, இரண்டு முறை அடிக்கவேண்டியிருந்தது. முட்டை என்று எழுதினாள்.

மேடம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. நன்கொடை தருகிற குடும்பம் முட்டைக்கடை இருக்கிற தெருவுக்குள்ளேயே நுழையாது. போன வருஷம் எண் புத்தகத்தில் ‘இரண்டு மீன்’ வந்ததற்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் கிளிஃபர்ட்தான் கம்ப்யூட்டரில் மீன்களுக்குப் பச்சை அடித்து வெண்டைக்காய் ஆக்கினார். பெங்களூர் தமிழ்க் குழந்தைகள் இன்றும் கண் முழிக்கிற வெண்டைக்காயைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"முட்டையை உருளைக்கிழங்குன்னு போட்டுடலாமா?" என்றார் மேடம்.

ராஜேஷ்குமார் விரல் விட்டு எண்ணினார். எட்டு எழுத்து. முதல்நிலையில் ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்துக்கு மேல் கிடையாது. உருளைக்கிழங்கு சாப்பிடும் வயது வந்தாலும் படிக்கும் வயது வர இன்னும் இரண்டு நிலை ஏறவேண்டும்.

"கலர் மாத்திடலாம் மேடம்" என்றார் கிளிஃபர்ட். வெண்டைக்காய் வெற்றி அவருக்குத் தன்னம்பிக்கை கொடுத்திருந்தது. பேசிக்கொண்டே முட்டைக்கு ஆரஞ்சு நிறம் அடித்துவிட்டார். திரையில் பூனையின் கையில் கோணலாக ஒரு பழம் முளைத்தது. வாணலியில் இருந்த மஞ்சளை வெளுக்கவைத்தார். அது தோசை ஆயிற்று.

"பழத்தை உடைச்சா தோசை எப்படிங்க வரும்?" என்று கேட்டாள் தமயந்தி.

"குழந்தைங்களுக்குக் கற்பனை உண்டு" என்றார் ராஜேஷ்குமார்.

இவ்வளவும் சரியாகிவிட்ட நேரத்தில் அவரே ஒரு குறையைக் கண்டுபிடித்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. எழுத்து மட்டும் உள்ள அட்டை: ‘மொட்டை மாடி’. தலைப்பில் உள்ள சொல் கதைக்குள்ளும் வரவேண்டும் என்பது விதி. இப்போது கதையில் மொட்டையும் இல்லை, மாடியும் இல்லை.

"மாடி ஈசி" என்றார் மேடம். "அடுப்பு எந்த மாடியில இருக்குன்னு படத்துல தெரியலயே. மேல் மாடின்னு வெச்சுக்கோங்க."

"மொட்டை?"

எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். பூனை பாவம், புசுபுசுவென்று இருந்தது.

கிளிஃபர்ட் மௌசை எடுத்தார். ஐந்து படங்களிலும் பூனையின் தலைமுடி போயிற்று. காதுகள் இரண்டும் வழுக்கைக்கு இருபுறமும் தனியாக நின்றன. எல்லா மொழிக்கும் ஒரே பூனை என்ற கொள்கை என்ன ஆவது என்று மட்டும் தமயந்தி கேட்டாள்.

"தமிழ்ப் பூனை தானே. திருப்பதி போய்ட்டு வந்திருக்குன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் மேடம்.

பட்டறை மறுபடி அறுத்தது. அது ஓய்ந்தபோது புட்டசாமி ஒரு காதிலிருந்து இயர்போனை உருவி, தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"மேடம், நம்ம டர்ன் வந்துச்சா?"

"இன்னும் ஸ்வல்ப நேரம் புட்டசாமி."

தலை தூணுக்குப் பின்னால் போயிற்று. இயர்போன் காதுக்குள் போயிற்று.

இறுதி வடிவத்தைத் தமயந்தி வாசித்தாள். தூரத்து உறவினர் இறந்த செய்தியைப் படிப்பதுபோல வாசித்தாள். "மாடியில் மொட்டை. கையில் பழம். பழம் டமார். அட, தோசை. ஆகா ஆகா."

ராஜேஷ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்கூட நான்கு எழுத்தைத் தாண்டவில்லை. தன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான முதல்நிலைக் கதையைப் பார்த்ததில்லை என்றார். மேடம் தலையாட்டினார். கிளிஃபர்ட் பொத்தானை அழுத்தினார். ஃபைல் அச்சகத்துக்குப் போயிற்று. தமிழ்ப் பிரிவு பிழைத்தது. தமிழைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"இனிமே இப்படி நடக்கக் கூடாது" என்றார் மேடம். "அந்த ராகேஷுக்கு ஒரு லெட்டர் போடுங்க. மெயில் வேண்டாம், மெயில்ல திட்டினா ஜனங்க படிக்கறதில்ல. இனி நம்ம வேலை அவனுக்குக் கிடையாதுன்னு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. யார்கிட்டயாவது குடுத்து, படிச்சுக் காட்டுங்கன்னு கெஞ்சட்டும்."

இதற்காகத்தான் தமயந்தி பிறந்திருந்தாள். குடியாத்தத்தில் அவள் படித்த பள்ளியில் கடிதம் எழுதுவதற்குத் தனிப் பீரியட் இருந்தது. அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் அதற்குக் கீழ், பொருள் நடுவில், அதன் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அந்த வரிசை தவறாமல் எழுதினாள். பத்துச் சொல்லுக்கு மேல் எழுத அனுமதி கிடைத்து வெகுநாள் ஆகியிருந்ததால் பேனா நிற்கவில்லை.

‘ஐயா, தமிழ் தெரியாமலிருப்பது குற்றமல்ல. தெரியாததை மறைத்துக்கொண்டு தமிழ்க் கதைக்குப் படம் வரைவது குற்றம். தங்களால் ஒரு நிலா வாணலியில் விழுந்தது. ஒரு பூனை முடி இழந்தது. தாங்கள் முதலில் எங்கள் முதல்நிலைப் புத்தகங்களை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு தூரிகையைத் தொடவும். இத்துடன் நம் தொடர்பு முடிவடைகிறது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.’

மேடம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தொங்கிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். உறையின் மேல் ராகேஷின் முகவரியை எழுதும்போது தமயந்தியின் பேனா ஒரு கணம் நின்றது. ஸ்ரீராம்புரம், நான்காவது குறுக்குத் தெரு. அந்தத் தெருவில் காய்கறி விற்பதும் சண்டை போடுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில்தான். அங்கேயே குடியிருந்துகொண்டு ஒருவன் தமிழ் தெரியாமல் இருப்பது தனித் திறமைதான் என்று நினைத்து, பின்கோடையும் எழுதி முடித்தாள்.

கூரியர்க்காரர் ஜாய்சன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார். தமயந்தி உறையின் வாயில் பசை தடவி, ஓரங்களை நகத்தால் அழுத்தி, மேலே செல்லோடேப்பும் ஒட்டிக் கொடுத்தாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. பைக் ஹோசூர் ரோடு பக்கம் கிளம்பிப் போயிற்று.

"நெக்ஸ்ட், கன்னடம் ஒன்பது" என்றார் மேடம். "சொல்லுங்க புட்டசாமி, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

புட்டசாமி இயர்போனை மடித்துப் பையில் வைத்தார். அடித்துத் திருத்திய தாள்களை எடுத்துக்கொண்டு தூணைச் சுற்றி வந்தார். பத்து நாள் தூங்காத முகம்.

"நம்ம புக்கு பேரு ‘மொட்டெ மாடி’ மேடம், பூனை முட்டை பண்ற கதை, ஆனா வந்த படத்துல பூனை மாடி மேல உக்காந்து நிலாவைப் பாக்குது, நானும் நிலாவை முட்டைன்னு எழுதி எழுதிப் பாத்துட்டேன், ஒட்டவே மாட்டேங்குது, ஏன் மேடம், அந்த ராகேஷுக்குக் கன்னடமே வராதா?"