தையல் மெசினில் ஏறிய மாலுமி

அந்தக் கசற்றை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் கேட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். துணுக்காயில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவனுக்குத் தகுந்த முடிவுதான். ஆனால் ஊரில் மின்சாரம் இல்லை. போர்த்தடையில் பற்றரிக்கோ வன்னிக்குள் வர அனுமதி இல்லை.

கசற்றை அனுப்பியவன் ஜேர்மனியில் இருக்கும் என் மைத்துனன் சஜீவன். 'மெட்டல்' இசையாம். உலோகம் என்று மனைவி அருந்ததிக்கு விளக்கினேன். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் பெட்டியை இணைத்துக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். "ஓம், தகரம்தான்" என்றாள்.

ஆனால் இது வெறும் தகரமில்லை. பாட்டுகளெல்லாம் சேர்ந்து ஒரே கதை. மூழ்கிய தன் கப்பலைத் தேடி ஒரு மாலுமி கடலுக்குள் இறங்குகிறான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறொரு குழுவிலிருந்து ஒரு விருந்தினர் வந்து பாடுகிறார். உறையில் நான்கு பாடகர்களின் பெயர்கள் இருந்தன. மாலுமி வீடு திரும்பினானா என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெடல் சுற்றுகிறவனுக்குத் தன் மூச்சுத்தான் கேட்கும், பாட்டுக் கேட்காது. ஆகவே யோசித்தேன். அருந்ததி நாள் முழுதும் தையல் மெசின் மிதிக்கிறாள். அந்தச் சக்தி வீணாகப் போகலாமா? டைனமோவை மெசினின் சில்லில் பொருத்தினேன். அவளுக்கும் பொழுதுபோகும் என்று சொன்னேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். மறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு விஞ்ஞான மாஸ்டர் குகதாசனையும் அழைத்துவந்து, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, கதையை விளக்கத் தொடங்கினேன். அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவர் கடலரசன். கீச்சிடுகிறவள் கடற்கன்னி. கடலரசன் வரும்போது மேளமும் மரியாதையாக மெதுவாகிறது, கவனித்தீர்களா என்றேன்.

குகதாசன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில நாலு பேர்தானே மாஸ்டர் கிடக்கு. நான் ஆறு குரல் கேட்டனான்."

"பேர் போடாமல் வந்த விருந்தாளியள். பெரிய ஆக்கள் அப்பிடித்தான்."

மெசின் நின்றது. கடலரசனும் நின்றார்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கடலரசன் ஆரெண்டு நான் சொல்லட்டே?"

"உமக்கு என்னெண்டு தெரியும்?"

"கொலர் வளைக்கேக்குள்ள நான் மெதுவா மிதிக்கிறன். அப்ப அவர் வாறார். கரை அடிக்கேக்குள்ள ஓட்டமா மிதிக்கிறன். அப்ப உங்கட கடற்கன்னி வாறா. ரெண்டும் அந்த மாலுமிதான்."

மிதித்தும் காட்டினாள். மெதுவாக மிதித்தாள், கடலரசன் உறுமினார். ஓட்டமாக மிதித்தாள், கடற்கன்னி கீச்சிட்டாள். குகதாசன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிவைச் சரியாகக் கேட்க ஒரே சீரான வேகம் வேண்டும் என்று அருந்ததி பொறுமையாக விளக்கினாள். கொலர் தைக்கிறவளால் அது முடியாது. நேர்த்தையலுக்குத்தான் முடியும். கோயில் திரைச்சீலைகள் வெட்டி, ஊசி குத்தித் தயாராக இருக்கின்றன. நேர்கோட்டுக்குப் படிப்புத் தேவையில்லை.

"நீங்கள் மிதியுங்கோ. முடிவை நான் கேட்டுச் சொல்லுறன்."

அவளும் ஆங்கிலம் படித்தவள். என்னைவிட நன்றாக என்பது வீட்டுக்கு வெளியே போகாத செய்தி. மெசினில் ஏறினேன். திரைச்சீலைகள் எப்போது வெட்டப்பட்டன என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மெசின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் கதிரையில் அருந்ததி. பக்கத்தில் குகதாசன். இருவர் கையிலும் தேத்தண்ணி. ஒரு கட்டத்தில் அவள் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். குகதாசன் "ச்சா" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது.

"என்ன, வந்திட்டானோ?"

"நிப்பாட்டாதேங்கோ. குரல் கலங்குது."

கசற் முடிந்தது. மாலுமி வந்தானா என்று அவளிடம் மறுபடி கேட்டேன். தலையணை உறைகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, அவற்றையும் முடித்தால் ஆறுதலாக இருந்து சொல்லலாம் என்றாள். தலையணை உறைகள் முடிந்தபோது பாவாடைகள் வந்தன.

வேலிக்கரையில் குகதாசனைப் பிடித்துக் கேட்டேன். சொல்லமாட்டாராம். வாயைத் திறக்காமல் இருந்தால் அருந்ததி அவருக்குச் சும்மா ஒரு சேட் தைத்துத் தருவாளாம்.

அந்தச் சேட்டின் கொலரைத்தான் இப்போது வளைத்துக்கொண்டிருக்கிறேன்.