டுமீல் அண்ணாச்சியின் கன்னமுட்டு

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் இரண்டொரு நாளில் வடிந்துவிடும். டுமீல் அண்ணாச்சிக்கு வந்த கோபம் வடிந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் வங்கிக் கதவைத் திறக்கும்போதே கோபமாகத் திறப்பார். சாயங்காலம் பூட்டும்போது, அந்தப் பூட்டு ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டதுபோல ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

சேரன்மகாதேவியில் எங்கள் வங்கிக் கிளைக்கு அவர்தான் காவலாளி, நான் கேஷியர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். சொந்த லைசென்ஸில் ஒரு ரைபிள் வைத்திருந்தார். எங்கள் கிளையில் அது ஒருமுறைகூட வெடித்ததில்லை. அதனால்தான் 'டுமீல்' என்று பெயர். பெயர் வைத்தவன் யார் என்று அவர் இன்னமும் தேடிக்கொண்டிருப்பதால், நான் இத்தோடு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறேன்.

செலான் எழுதப் பேனா கேட்டால் கோபம். பேனா கொண்டுவந்தால், "ஏன், எங்ககிட்ட பேனா இல்லன்னு நெனச்சியளோ?" என்று கோபம். நகைக்கடனுக்கு வந்த ஒரு அம்மாள், "நல்லா இருக்கியளா?" என்று கேட்டுவிட்டார். "எனக்கு என்ன கேடு?" என்று எகிறியதில், அந்த அம்மாள் கடனே வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டார்.

ரைபிள் மட்டும் அவருக்குச் சாமி. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் நடக்கும். அவர் நாற்காலியைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பார். கோட்டுக்குள் செருப்புக்கால் வரக்கூடாது. புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர் தெரியாத்தனமாக ஷூவோடு தாண்டிவிட்டார்.

"சார்வாள், கோயிலுக்குள்ளயும் இப்பிடித்தான் போவியளோ?"

அன்றைக்கு மேனேஜர் தம் காவலாளிக்கு உத்தரவு போட்டது வெறும் சாக்ஸ் காலோடுதான்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் வலதுபக்கக் கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அத்தோடு கன்னம் கிணறுபோல உள்ளே போய்விட்டது. அதற்கென்ன என்று கேட்பீர்கள். ரைபிளின் பின்கட்டையில் கன்னத்தை அழுத்தி வைத்துத்தான் குறிபார்க்க வேண்டும். கன்னம் உள்ளே போனால் முகம் கீழே இறங்கும், முகம் இறங்கினால் கண்ணும் இறங்கும். பின்குறியின் பள்ளம் வழியாக முன்குறியின் முள் தெரிய வேண்டிய இடத்தில், வெறும் இரும்புதான் தெரியும். அவருக்கோ வருஷாந்திரச் சுடும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். தவறினால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, ஏ.டி.எம். வாசலில் கம்போடு நிற்க வேண்டியதுதான்.

கிளையின் பின்முற்றத்தில், குண்டில்லாத ரைபிளைக் குழாயடிக்கு நேரே நீட்டிப் பார்த்தவர், "மரம் தேஞ்சு போச்சுவே!" என்று கத்தினார்.

"மரம் எங்க அண்ணாச்சி தேயும்? ஒங்க கன்னம்லா உள்ள போயிருக்கு" என்றேன். என் வாய்க்கு எப்போதும் என்னைவிட அவசரம்.

"எலே! நாப்பது வருசமா குறிபாத்த கன்னம்லே இது!"

"கட்டுப்பல்லு வச்சுக்கிடலாமே?"

"வச்சுக்கிட்டுச் சுட்டா, குண்டுக்கு முன்னால பல்லுல்லா போயி விழும்!"

எனவே மரத்தை உயர்த்துவது என்று முடிவாயிற்று. முதலில் தோளில் கிடந்த துவர்த்தை மடித்துக் கட்டையில் வைத்துச் சணலால் கட்டினார். கன்னம் வைத்ததும் அது கொழுக்கட்டை மாவாக அமுங்கிவிட்டது. துவர்த்தை நெய்தவன் பரம்பரையையே திட்டினார். அடுத்து வாழைமட்டை. வைத்த அன்று கன கச்சிதம். இரண்டு நாளில் காய்ந்து சுருங்கி, நாற்றமும் எடுத்துவிட்டது. "வாழையிலயும் கலப்படம் வந்துட்டு" என்று ஸ்ரீவைகுண்டத்து வயல்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தார். பிறகு ஒரு மரப்பட்டையைச் செதுக்கி ஒட்டினார். அது முன்னால் நீண்டுவிட்டதால், குண்டு ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. அன்றைக்கு யாரைத் திட்டினார் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்க முடியாது.

"சீட்டு தைக்கிற பாய்கிட்ட போவம்" என்று நான்தான் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ சீட் தைக்கும் பாயின் கடை. அண்ணாச்சி ரைபிளைப் போர்வையில் சுற்றிக்கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஓர் ஓரத்தில் வைத்தார். நான் வழக்கம்போல வாசலிலேயே விட்டுவிட்டேன்.

பாய் கட்டையைத் தடவிப் பார்த்தார். "ஸ்பான்ஞ்சு வச்சா அமுங்கும், பலகை வச்சா கன்னம் பேந்துரும். ரப்பர்தான் சரி" என்றவர், வாசலுக்குப் போய் எதையோ எடுத்துவந்து மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து வெட்டினார். போல்ட்டுக்கு இடம் விட்டு, விளிம்பைச் சரித்துச் சீவி, மேலே கறுப்பு ரெக்சினைப் போர்த்துத் தைத்து, அடியில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிந்தார். கன்னத்துக்கு முட்டுக் கொடுக்கும் கன்னமுட்டு தயார். அண்ணாச்சி கன்னத்தை வைத்தார். ஒரு கண்ணை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லாத அந்த ஒரு நொடியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை.

அவர் கிளம்பியதும் நான் வாசலுக்கு வந்தேன். வலது செருப்பு இருந்தது. இடதைக் காணோம்.

"பாய், என் செருப்பு?"

பாய் நெஞ்சில் கை வைத்தார். "யா அல்லா! நீலச் செருப்பா? பிஞ்சு போனதுன்னுல்லா குப்பையோட சேத்து நெனச்சேன்! சத்தம் போடாதிய. உள்ள வச்சித் தச்சாச்சி."

அது வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத செருப்பு. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, குலைநடுக்கம்தான் வந்தது. சாமிக்குச் சமானமான ரைபிளில் என் செருப்பு! அதன்மேல் அண்ணாச்சியின் கன்னம்! எங்கள் கிளையின் முதல் டுமீல் நானேதான் என்று முடிவு செய்துகொண்டேன். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி பஜாரில் நடந்தேன். யாரையோ அடிக்கப் போகிறேன் என்று ஊரே ஒதுங்கி வழிவிட்டது.

அடுத்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். அவர் கன்னத்தைச் சொறிந்தால் எனக்கு வேர்த்தது. மதியம் தனியாக உட்கார்ந்து கன்னத்தை ரெக்சினில் வைத்துக் குறிபார்ப்பார். நான் ஒரே நோட்டுக்கட்டை மூன்று தடவை எண்ணுவேன். உண்மையைச் சொன்னால் அவர் அதைப் பிய்த்து எறிவார், தேர்வில் தோற்பார். சொல்லாமல் விட்டு அவருக்குத் தெரிந்தாலோ, என்னைச் சுடுவார். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே மாத்திரை போட ஆரம்பித்தேன். என்ன மாத்திரை என்றுகூடப் பார்க்கவில்லை, வீட்டுக்காரியின் கால்சியம்.

தேர்வு நாளில் கிளையின் சார்பாக என்னையே மேனேஜர் அனுப்பி வைத்தார். திடலில் மணல்மூட்டை அடுக்கியிருந்தது. அண்ணாச்சி குப்புறப் படுத்தார், கன்னத்தைப் பதித்தார். டுமீல்! அந்தச் சத்தத்தை அவரிடமிருந்து முதன்முதலாகக் கேட்டேன். அடுத்தடுத்துச் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நடுவிலிருந்த கறுப்பு வட்டத்துக்குள்.

அதிகாரி மகிழ்ந்துபோய், "இது என்னய்யா, புதுசா இருக்கே" என்று ரைபிளை வாங்கிக் கன்னமுட்டை அழுத்தினார். தையல் விட்டது. உள்ளேயிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. வார் கோக்கும் ஓட்டையோடு.

"என்னய்யா, செருப்பா?"

நான் அதற்குள் மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று என் காலுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆமா சார், செருப்புதான்" என்றார் அண்ணாச்சி. "அந்தா, மூட்டைக்குப் பின்னால பம்மிக்கிட்டு இருக்காருல்லா, அவரு செருப்பு."

நான் பைய தலையைத் தூக்கினேன். "அண்ணாச்சி... ஒங்களுக்கு எப்பிடி..."

"எப்பிடியா? வருசக்கணக்கா கவுண்டருக்கு அடியில செருப்பக் கழத்திப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீரு. அந்த நாத்தம் எனக்குத் தெரியாதோ? மொத நாளே மூக்குல ஏறிட்டுவே!"

"அப்ப ஏன் பிய்ச்சு எறியல?"

அவர் துவர்த்தால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குறி தெரிஞ்சுதுவே" என்றார்.

அடுத்த நொடியே பழைய அண்ணாச்சி திரும்பிவிட்டார். "ஒத்தச் செருப்பத் தூக்கிக்கிட்டு பஜார்ல நடந்தீராமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சுட்டா போட்டுருவேன்?"

நான் ரைபிளைப் பார்த்தேன்.

"மத்தது எங்க?"

"வீட்டுல கெடக்கு."

"தூரப் போட்டுராதயும். இது தேஞ்சா வேணும்லா."

மறுநாள் ஏதோ கேட்கப் போனவன், பழக்கத்தில் சாக்பீஸ் கோட்டருகே புதுச்செருப்பைக் கழற்றினேன். "நடிக்காதயும்" என்று சீறினார். "ஒம்ம செருப்பு ஏற்கெனவே உள்ளதான கெடக்கு. வாரும்." அவரே கூப்பிட்டு அந்தக் கோட்டைச் செருப்போடு தாண்டிய ஒரே ஆள் ஊரில் நான்தான்.

இப்போது அவர் வேலையை விட்டுவிட்டு ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே யாரைத் திட்டுகிறாரோ தெரியவில்லை. எங்கள் வங்கிக் கதவு கோபமில்லாமல் திறக்கிறது, எனக்கு என்னவோ போலிருக்கிறது. "எதுக்கு இந்த ஒத்தச் செருப்பு, வாசல அடைச்சிக்கிட்டு?" என்று வீட்டில் தினமும் சண்டை. நான் அதைத் துடைத்து மறுபடியும் அதே இடத்தில் வைக்கிறேன். என்றைக்காவது வாசலில் ஒருவர் வந்து நின்று, "எங்கவே அது?" என்று கத்தினால், எடுத்துக் கொடுக்க வேண்டுமல்லவா.