ரேகையும் விரிசலும்

“நான் இழைச்ச வில்லுல விரிசலா? மரத்துக்கே அவ்வளவு தைரியம் கிடையாது!”

இப்படி முழங்கும் ஓர் இனம் உண்டு. அடுத்தவர் பொருளில் நோயை மட்டும், தன் பொருளில் அழகை மட்டும் காணும் கண்ணோடு பிறந்த இனம். எங்கள் வில்பயிற்சித் திடலில் அதன் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். கையாலேயே மர வில் செய்கிறவர். ‘வில் வைத்தியர்’ என்போம். அது பட்டப்பெயர் என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

யாராவது வில்லோடு வந்தால் போதும். “யார் செஞ்சது?” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார். நாணைக் கழற்றுவார். வில்லின் முதுகில் பஞ்சைத் தடவி, அது எங்கே மாட்டுகிறது, எங்கே சிலாம்பு கிளம்புகிறது என்று பார்ப்பார். பிறகு நம்மைப் பார்த்து வளையும் வயிற்றுப் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பி, நகத்தால் வருடி, கண்ணை மூடி, நமக்கு வேர்த்த பிறகே நோயைச் சொல்வார். வைத்தியத்தில் குறையே சொல்ல முடியாது. அதுதான் கொடுமை.

எங்களோடு பயிலும் தையல்காரர் ஒருமுறை தானே செய்த வில்லோடு மாட்டினார்.

“விரிசல் நெடுக்க ஓடுனா பசை விட்டு நூல் சுத்திப் பிழைக்க வைக்கலாம். இது வயித்துல குறுக்க ஓடுது. நார் நசுங்கிடுச்சு. சுவத்துல மாட்டிடுங்க.”

“சார், ஒரே ஒரு அம்பு மட்டும்...”

“உங்க மூஞ்சி மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?”

அன்று தையல்காரரின் வில் ஓய்வு பெற்றது.

அப்புறம் போட்டி வந்தது. வைத்தியர் தன் மனைவிக்கென்றே இழைத்த வில். நாணேற்றிய அம்மையார், வயிற்றுப் பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏங்க, குறுக்க ஒரு விரிசல் இருக்கே?”

“அது ரேகை.”

“நேத்து இல்லையே?”

“மரத்துக்கும் முதிர்ச்சி வரும்ல?”

“நகம் மாட்டுதுங்க.”

“நகத்தை வெட்டு.”

“தையல்காரர் வில்லுல இருந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“செஞ்ச கை!”

சிரிக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை வால், உங்கள் பிள்ளை சுறுசுறுப்பு, இல்லையா? அவர்கள் கூரை ஒழுகுகிறது. உங்கள் கூரையில் லேசான ஈரம், அவ்வளவுதானே? எதற்கும் ஒரு பஞ்சை எடுத்து உங்களையே ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அம்மையாரின் முறை வந்தது. கோட்டில் நின்று, அம்பைத் தொடுத்து, நாணைப் பாதி இழுத்தார். வில் முகத்துக்கு நேராக வளைந்தது. வைத்தியரின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மறுகணம் ஓடிவந்துவிட்டார்.

“இரு, இரு! மெதுவா விடு. நாண் சரியில்ல.”

“நாணா?”

“நாண்தான்!”

வாங்கி நாணைக் கழற்றினார். நேரே தையல்காரரிடம் போய், எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ கேட்டார். தையல்காரர் புதிதாகச் செய்திருந்த கோணல் வில்லால்தான் அம்மையார் எய்தார். நாங்கள் இலக்கைப் பார்த்தோம். வைத்தியர் மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எதையோ நகத்தால் வருடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் பட்டறைக்குப் போனேன். சுவரில் ஒரு புது ஆணி. அதில் நாணில்லாமல் அந்த வில், வயிறு சுவரைப் பார்த்தபடி.